சும்மா இரும்பு

மவுண்ட் ரோஸ்கில், ஓக்லாந்து
5 டிசம்பர் 1985

அன்புள்ள அண்ணா,

நேற்றுப் பின்னேரம் ஹென்டர்சன் பொலிஸிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து, வாகனப் பரிசோதகர் எழுதிய குறிப்பை வாசித்துக் காட்டினார். அதில் உறுதியாக இருந்தது இவ்வளவுதான்: நவம்பர் 16, சனிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு லிங்கன் ரோட்டில் இவருடைய மோட்டார் சைக்கிளில் முன் சில்லைப் பிடிக்கும் ஃபோர்க் பின்னுக்கு மடிந்தது. இவர் விழுந்ததால் ஃபோர்க் உடையவில்லை. ஃபோர்க் உடைந்ததால்தான் விழுந்தார். வேகம் இல்லை. எதிரே கார் இல்லை. றோட்டில் ஈரமும் இல்லை.

தந்தியில் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன். விழுந்த இடத்தில் விளக்குக் கம்பம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பன்னிரண்டு பத்துக்கு முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. இருபதாம் திகதி தகனம் செய்தோம். மகள்தான் பொத்தானை அமத்தினாள். ஐயரும் இல்லாத ஊரில் ஆண்பிள்ளை எங்கே என்று யார் கேட்கிறது.

அந்தப் பழைய வண்டியில் ஃபோர்க்கைக் கழுத்தோடு பிடித்திருப்பது நான்கு ஸ்பிண்டில்கள், விரல் தடிப்பில் குட்டைக் கம்பிகள் என்று நீங்களும் இவரும் கடிதத்தில் கதைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே முன்பக்கம் இருந்தது உடைந்திருக்கிறது. அது நீங்கள் செய்து அனுப்பிய நான்கில் ஒன்று. இதை எழுதாமல் விடலாமா என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். வேறு யாராவது உங்களுக்கு எழுதுவதைவிட நான் எழுதுவது நல்லது.

நானும் பிள்ளையும் உடம்பால் சுகம். மச்சாளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையை விட வேண்டாம்.

உங்கள் தங்கை
ரதிதேவி


சுன்னாகம்
2 ஜனவரி 1986

அன்புள்ள ரதிக்கு,

உன் கடிதம் டிசம்பர் 28 கிடைத்தது. சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை. நீயும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்றிலிருந்து பட்டறையைத் திறக்கவில்லை. வேலைக்கு விட்ட வண்டிக்காரர் கேற்றடியில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உடைந்தது என் கைப்பிழையா என்று தெரியாமல் இன்னொருவன் ஏறி ஓடுகிற வண்டியில் நான் கை வைக்கமாட்டேன். ஐயா இல்லாத குறைக்கு உன்னை மச்சானுக்குத் தாரை வார்த்துக் கொடுத்தவன் நான். உன் கழுத்தை வெறுமையாக்கினவனும் நானோ என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். லொறியின் பின் அச்சு, நல்ல உருக்கு. அதிலிருந்து ஆறு ஸ்பிண்டில் கடைந்தேன். செந்நிறத்துக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தேன். பிறகு நீலம் பாரிக்கும்வரை மெல்லச் சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். அதைச் செய்யாவிட்டால் உருக்குக் கண்ணாடி மாதிரி உடையும். கறுப்பு நிறத்தில், கிரீஸ் பூசி, பிரவுன் பேப்பரில் சுற்றி நான்கை உங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இங்கே இருக்கிறது.

இனி நீ எனக்காகப் பார்க்க வேண்டியவை. ஸ்பிண்டில் நடுவில் உடைந்ததா, நட்டு ஏறப் புரி வெட்டிய அந்தத்தில் உடைந்ததா? உடைந்த முகம் எப்படி இருக்கிறது? சிப்பியின் முதுகில் இருக்கிற மாதிரி வளைய வளையமாகக் கோடுகள் இருந்தால் அது நாள்பட்ட வெடிப்பு, மெல்ல மெல்ல வளர்ந்தது. இழுபட்டு மெலிந்திருந்தால் பாரம் தாங்காமல் போனது. கற்கண்டை உடைத்த மாதிரி மணி மணியாக மினுங்கினால் அது வேறு. ஸ்பிண்டில் உள்ளே ஓடுகிற புஷ் வளையம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? கிரீஸ் காய்ந்திருக்கிறதா? கடைசியாக, ஸ்பிண்டிலின் மேல்தோல் நான் அனுப்பிய கறுப்பாகவே இருக்கிறதா, துருப் பிடித்திருக்கிறதா?

மச்சானோடு வண்டி திருத்தின அந்த பிஜிக்காரர் சத்ய நந்தைக் கூட்டிக்கொண்டு போ. தனியே போகாதே.

அண்ணா
செல்வரத்தினம்


மவுண்ட் ரோஸ்கில்
30 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணா,

மகளுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சத்ய நந்த் லீவு போட்டுவிட்டு என்னைப் பொலிஸ் களஞ்சியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பாட்டன் வழியில் மிஞ்சியது நான்கைந்து தமிழ்ச் சொல். அதில் ஒன்று அக்கா. மற்றதெல்லாம் இங்கிலீஷ். இவர் அவரைப் பகிடி பண்ணுவார்: "உன்ர தமிழை ஒரு நெருப்புப் பெட்டிக்குள்ள வைக்கலாம், நந்த்." அதற்கு அவர், "உங்கட வண்டியின்ர பிரேக்கையும் அதுக்குள்ளயே வைக்கலாம்" என்று ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பார்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். வண்டியின் பக்க லைட் மட்டும் உடையாமல் இருந்தது. உடைந்த துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில். சத்ய நந்த் பூதக்கண்ணாடி கொண்டு வந்திருந்தார். நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: இடது அந்தத்தில், புரி தொடங்குகிற இடத்தில் உடைந்திருக்கிறது. வளையக் கோடுகள் இல்லை. மெலியவும் இல்லை. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி. நீங்கள் எழுதிய சொல் அப்படியே பொருந்தியது. புஷ் நான்கும் வட்டமாக இருக்கின்றன. கிரீஸ் புதிதாக, ஈரமாக இருந்தது. இவர் வெளிக்கிட முதல் நாள்தான் கிரீஸ் அடித்தார்.

பொலிஸார் துண்டுகளை உலோகம் பரிசோதிக்கிற இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அதன் அறிக்கை ஜூனில் வரும். அதற்குப் பிறகு ஓக்லாந்து நீதிமன்றத்தில் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார்.

பட்டறையைத் திறவுங்கள் அண்ணா.

ரதி


சுன்னாகம்
25 பெப்ரவரி 1986

அன்புள்ள ரதிக்கு,

பிள்ளையின் காய்ச்சல் திரும்பி வரவில்லை என்று நம்புகிறேன். இங்கே உன் மச்சாள் சுகம். நான் இருக்கிறேன்.

கற்கண்டு என்றால் எனக்கு அர்த்தம் ஒன்றுதான். உருக்கு அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது. நீலம் பாரிக்கச் சூடு காட்டினேன் என்று எழுதினேனே, அந்த நான்கில் ஒன்றுக்குச் சூடு உள்ளே போய்ச் சேரவில்லை. நான் அவசரப்பட்டிருப்பேன். அன்று கரண்ட் போகப் போகிறது என்று சொன்னார்கள், அதற்குள் முடிக்கப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷ வேலையில் இப்படி ஒன்று நடக்கவில்லை. நடந்த ஒன்று உன் வீட்டில் நடந்தது.

மானிப்பாயில் ஒருவர் என் கடைசல் லேத்தை விலைக்குக் கேட்டிருக்கிறார். சித்திரை பிறந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மிஞ்சின இரண்டு ஸ்பிண்டிலும் றாக்கைத் தட்டில் கிடக்கிறது. அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். இன்னும் எடுக்கவில்லை.

நீ எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தாய். கடைசிக் கேள்வி மட்டும் தவறிவிட்டது. மேல்தோலின் நிறம். பெரிய விஷயம் இல்லை, கணக்கு முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அண்ணா


மவுண்ட் ரோஸ்கில்
20 மார்ச் 1986

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். லேத்தை விற்க வேண்டாம்.

நீங்கள் இல்லை அண்ணா. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த இரண்டையும் எடுத்துச் சோதியுங்கள், பிறகு மானிப்பாய்க்காரருக்குப் பதில் சொல்லுங்கள். என் தலையில் அடித்துக் கேட்கிறேன்.

போன கிழமை மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா செய்ததா உடைஞ்சது?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "இல்லை" என்றேன். "அப்ப யார்?" என்றாள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டேன். திரும்பி வந்தபோது அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பதினொரு வயது.

வேறு எழுத ஒன்றும் இல்லை. மச்சாளுக்கு என் அன்பு.

ரதி


சுன்னாகம்
24 ஏப்ரல் 1986

அன்புள்ள ரதிக்கு,

வருஷப்பிறப்பை நாங்கள் கொண்டாடவில்லை. உன் மச்சாள் பத்மாவதி கஞ்சி மட்டும் காய்ச்சினாள். உனக்கு எப்படிப் போனது என்று எழுது.

நீ தலையில் அடித்துக் கேட்டதால் நேற்றுக் காலை பட்டறையைத் திறந்தேன். ஸ்பிண்டில் ஒன்றை வைஸில் இறுக்கி, மேலே பைப் கோத்து, என் முழுப் பாரத்தையும் போட்டேன். முப்பது பாகை வளைந்தது. உடையவில்லை. சுத்தியலால் அடித்தேன். இன்னும் வளைந்தது. மற்றதையும் அப்படியே செய்தேன். அதுவும் வளைந்தது. அதே அச்சு, அதே நாள், அதே எண்ணெய், ஆறும் ஒரே தட்டில் சூடானவை. ஆகவே சுன்னாகத்தை விட்டுப் போகும்போது உன் நான்கும் நல்லவை. நிலத்தில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதேன். லேத்தைக் கொடுக்கவில்லை.

ஆனால் கேள்வி முடியவில்லை. நல்ல உருக்கு கற்கண்டாக உடைய வேண்டுமென்றால் இங்கிருந்து போன பிறகு அதற்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். மச்சான் அதைச் சூடாக்கினாரா? யாராவது பற்ற வைத்தார்களா? ஆசிட்டில் போட்டார்களா? நான் சீமெந்து ஆலையில் வேலை செய்த காலத்தில் ஒரு முறை கண்டிருக்கிறேன். இறுகிய உருக்கு போல்ட்டுகளுக்கு அழகுக்கு முலாம் போட்டு வந்தது. பூட்டி இரண்டு கிழமையில், ஒருவரும் தொடாமல், ஒவ்வொன்றாகத் தலை கழன்று விழுந்தன. ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் இருக்கும்போது ஐதரசன் வாயு உருக்குக்குள் போய்விடுகிறது. முலாம் போட்ட கையோடு மணித்தியாலக் கணக்கில் அடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். சாதாரண இரும்புக்கு அது தேவையில்லை. உருக்குக்கு அது செய்யாவிட்டால் பூட்டி இறுக்கியபடியே உள்ளுக்குள் வெடித்துக்கொண்டு போகும்.

மூன்றாம் முறை கேட்கிறேன். உடைந்த ஸ்பிண்டில் என்ன நிறம்?

அண்ணா


சுன்னாகம்
12 ஜூன் 1986

அன்புள்ள ரதி,

நீரும் பிள்ளையும் குளிருக்குக் கவனமாக இருக்கிறீர்களா? உம்முடைய கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. தபால்காரன் வரும் நேரம் உம்முடைய அண்ணா கேற்றடியில் நிற்பார். அவன் சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போன ஞாயிறு என்னிடம் வந்து, "ரதி உனக்கு அனுப்பின சரஸ்வதி பூசைப் படம் எங்க?" என்று கேட்டார். நீர் ஒக்டோபரில் அனுப்பின கலர்ப் படம்தான். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தார்.

"என்னப்பா, தங்கச்சி வீட்டுச் சுண்டலை எண்ணுறியளோ?" என்று கேட்டேன்.

"சும்மா பாக்கிறன், நீ போ" என்றார்.

"சும்மா பாக்கிற ஆளுக்கு ஏன் கண் கலங்குது?"

"கண்ணாடியில தூசு."

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வேட்டி சால்வையோடு சைக்கிளில் மல்லாகத்துக்குப் போய், சமாதான நீதவானிடம் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தார். என்ன எழுதினது என்று கேட்டால் வாயே திறக்கிறார் இல்லை.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். படிப்புப் புத்தகம், பூ, சுண்டல், ஒரு தாம்பாளத்தில் வெள்ளி மாதிரி மினுங்குகிற நான்கு கம்பி. வேறு ஒன்றும் இல்லை. என்ன இருக்கிறது அதில்?

ஒரு வரி எழுதும்.

பத்மாவதி


சுன்னாகம்
13 ஜூன் 1986

அன்புள்ள ரதிக்கு,

நலமாக இரு. இது சின்னக் கடிதம். கவனமாக வாசி.

ஒரு விஷயம் உனக்கு எழுத மறந்துவிட்டேன். ஸ்பிண்டில் நான்கையும் அனுப்புவதற்கு முன், யாழ்ப்பாணம் டவுனில் ஓர் இடத்தில் கொடுத்து முலாம் போட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போகிற சாமான், கறுப்பாகப் போகக் கூடாது என்று நினைத்தேன். இறுகிய உருக்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. முலாம் போட்ட பிறகு அடுப்பில் வைக்கவும் இல்லை. பிழை அதுதான். பிழை என்னுடையது.

இதை இங்கிலீஷில் சத்தியக் கடதாசியாக எழுதி, சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, இதோடு அனுப்புகிறேன். விசாரணை அதிகாரியிடம் கொடு. நான் இருக்கிற இடத்தில் வந்து உங்கள் ஊர் நீதிமன்றம் என்னை என்ன செய்யப் போகிறது?

கறுப்பாக, கிரீஸ் பூசி அனுப்பினேன் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நிறத்தைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள். நீதான் அவளுக்கு இருக்கிறாய்.

அண்ணா
செல்வரத்தினம்


மவுண்ட் ரோஸ்கில்
10 ஜூலை 1986

அன்புள்ள அண்ணா,

நானும் மகளும் சுகம். உங்கள் ஜூன் கடிதமும் மச்சாளுடையதும் ஒரே நாளில், ஜூலை 4ஆம் திகதி, கிடைத்தன. இத்தனை நாள் எழுதாததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

உலோகப் பரிசோதனை அறிக்கை ஜூன் 27 வந்தது. சத்ய நந்த் வரி வரியாக விளங்கப்படுத்தினார். அதில் இருப்பது நீங்கள் ஏப்ரலில் எழுதியதேதான். நல்ல உருக்கு, சரியாகச் செய்த ஸ்பிண்டில், முலாம் போட்டபின் சூடாக்கவில்லை, ஐதரசனால் உடைந்தது. மற்ற மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதாம். கடைசிப் பந்தியில், முலாம் எங்கே யாரால் போடப்பட்டது என்று தெரியவரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

உங்கள் பார்சல் ஒக்டோபர் தொடக்கத்தில் வந்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். நான்தான் பிரித்தேன். கறுப்பாக இருந்தது. கையெல்லாம் கிரீஸ். அந்த முறை பூசைக்கு இவருடைய வண்டிச் சாமானையும் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மூன்று வருஷம் அந்த வண்டியோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். இவருக்குச் சொல்லாமல் செய்து, தாம்பாளத்தில் வைத்துக் காட்ட ஆசை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி ஹென்டர்சனுக்குப் போனேன். கார் பம்பருக்கு முலாம் போடுகிற ஒருவர். வயது போன மனிதர். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வலு சுத்தமான வேலை. இது கடினப்படுத்தின உருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, சும்மா இரும்பு. அண்ணா வீட்டில செய்தது" என்றேன்.

"நிச்சயமா?" என்று திரும்பவும் கேட்டார்.

"நிச்சயம். சும்மா இரும்புதான்."

அண்ணா, பார்சலுக்குள் நீங்கள் வைத்த துண்டுக் கடதாசியை நான் வாசித்திருந்தேன். உருக்கு, எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தியது என்று எழுதியிருந்தீர்கள். அதை இங்கிலீஷில் சொல்லவும் எனக்குத் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று எட்டு மாதமாக என்னையே கேட்கிறேன். எங்கள் வீட்டில் பலகாரம் கொண்டு போனால், "சும்மா கொஞ்சம் சுட்டனான்" என்போம். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தால், "ஏதோ பாஸ் பண்ணியிருக்கிறாள்" என்போம். அந்த மனிதர் நல்ல வேலை என்று சொன்னதும், உங்களை நானே புகழக் கூடாது என்று வாய் தன்பாட்டில் தாழ்ந்துவிட்டது. வேறு காரணம் இல்லை. வேறு காரணம் இருந்தால் தாங்கலாம்.

பூசையன்று இவர் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்கும் உன்ர அண்ணர் எனக்கு இப்பிடி மினுங்கின சாமான் தரேல்லையே" என்றார். முலாம் நான் போட்டது என்று சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன். அண்ணர்தான் போட்டார் என்று நம்பிக்கொண்டே ஒக்டோபர் 27 பூட்டினார். இருபது நாள்.

திங்கட்கிழமை முலாம் போட்டவரிடம் போனேன். பொலிஸ் இன்னும் அவரைத் தேடிப் போகவில்லை. ஸ்பிண்டிலையும் என்னையும் அவருக்கு நினைவிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு, "நான் இரண்டு தரம் கேட்டேனே அம்மா" என்றார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உங்கள் சத்தியக் கடதாசியைத் திருப்பி அனுப்புகிறேன். முதலாவது, அது பொய். இரண்டாவது, அதைக் கொடுத்தால் மகள் வாழ்நாள் முழுவதும் தன் தகப்பனின் சாவுக்கு மாமாவின் முகத்தைத்தான் நினைப்பாள். ஜனவரிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதையும் உங்கள் துண்டையும் கொண்டு போவேன்.

விசாரணை ஓகஸ்ட் 11, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. முதல் நாள் ஞாயிறு சொல்வேன்.

ரதி


சுன்னாகம்
30 ஜூலை 1986

அன்புள்ள ரதிக்கு,

உன் கடிதம் முந்தநாள் கிடைத்தது. பத்மாவதிக்கு நான்தான் வாசித்தேன். அவள் இடையில் எழும்பிப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்து, "மிச்சத்தையும் வாசியுங்கோ" என்றாள். நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ பயப்பட வேண்டாம்.

நீ உண்மை சொல்வதை நான் தடுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் எனக்கு விடு. துண்டில் உருக்கு என்று எழுதினவன், முலாம் போட வேண்டாம் என்று எழுதவில்லை. சீமெந்து ஆலையில் அந்தப் போல்ட்டுகளை என் கண்ணால் கண்டவன் நான். ஒரு வரி எழுத இடம் இருந்தது. இதை உன்னைத் தேற்ற எழுதவில்லை. பட்டறையில் இருந்து யோசித்தால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கிறேன்.

இனி நீ அறிய வேண்டியது. சத்தியக் கடதாசியில் இரண்டு பிரதி எழுதினேன். நீ கொடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். மற்றப் பிரதியை ஜூன் 14ஆம் திகதியே ஓக்லாந்து நீதிமன்றம், மரண விசாரணை அதிகாரி என்று விலாசம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அது போய்ச் சேர்ந்திருந்தால், உன் வாக்குமூலத்துக்கு முன்னால் என்னுடையது அவருடைய மேசையில் இருக்கும். நீதான் பொய் சொல்கிறாய் என்று நினைப்பார்கள். அண்ணனைக் காப்பாற்ற வந்தவள் என்பார்கள். நான் அதை யோசிக்கவில்லை.

அதைத் தள்ளிவிடச் சொல்லித் தந்தி அடிக்க நேற்றுத் தபால் கந்தோருக்குப் போனேன். மூன்று கிழமையாக லைன் இல்லை. இன்றும் போனேன். இல்லை. நாளைக்கும் போவேன் என்று பத்மாவதிக்குச் சொல்லியிருக்கிறேன். லைன் வந்தால் அடிப்பேனா என்று அவள் கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர மூன்று கிழமை பிடிக்கும். ஓகஸ்ட் இருபது என்று வைத்துக்கொள். 11ஆம் திகதி முடிந்திருக்கும். பிள்ளைக்கும் சொல்லியிருப்பாய். அவள் என்ன சொன்னாள் என்று எழுது, நல்லதோ கெட்டதோ அப்படியே எழுது.

பதிவுத் தபால் சேர்ந்தது என்ற அட்டை இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த மாத முடிவுக்குள் வரும் என்கிறார் தபாலதிபர்.

அண்ணா
செல்வரத்தினம்